அண்ணி உருளாத மெத்தை

மெத்தைத் தொழிற்சாலையில் ஸ்பிரிங் வடிவமைப்பது அவளுடைய வேலை. அவள் அண்ணன் மலை மாதிரி ஆள். அண்ணியோ ஊதினால் பறந்துவிடுவாள். அவன் படுத்தால் மெத்தை பள்ளமாகும், அண்ணி உருண்டுபோய் அவன்மேல் விழுவாள். தூக்கம் கெட்டு அண்ணியின் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன.

"எல்லா ஸ்பிரிங்கையும் கம்பியால ஒண்ணோட ஒண்ணு பிணைச்சிருக்கோம் சார். ஒண்ணு அமுங்கினா பக்கத்துல இருக்கிறதையும் இழுத்துக்குது," என்று மேலாளரிடம் சொன்னாள். பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனித் துணிப்பையில் போட்டுத் தைத்து, பைகளை மட்டும் ஒட்டினாள். இடுப்பு அழுந்தும் இடத்தில் தடித்த கம்பியாக வைத்தாள்.

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "கம்பிக்கட்டு இல்லாம நிக்குமாம்மா?"

"ஜம்முனு நிக்கும் சார். நாளைக்கு எங்க அண்ணனையும் அண்ணியையும் கூட்டிட்டு வரேன், நீங்களே பாருங்க."

மறுநாள் சோதனை அறையில் அண்ணி கூச்சத்தோடு ஓரமாகப் படுத்தாள். அண்ணன் மறுபக்கம் தொப்பென்று விழுந்தான். புரண்டான். எழுந்து உட்கார்ந்து மறுபடியும் விழுந்தான். அண்ணி இம்மியும் நகரவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று மேலாளர் குனிந்து கேட்டார். பதிலுக்கு மெல்லிய குறட்டைதான் வந்தது.

அண்ணன் வாயைப் பிளந்தான். "அட, இவ குறட்டை விடுவாளா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே!"

"உஷ்! சத்தம் போடாதீங்க," என்று அதட்டிய மேலாளர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல வாசல்வரை நடந்தார். அங்கே நின்று, பின்னால் வந்த தங்கையிடம் கிசுகிசுத்தார். "இதையே தயாரிப்போம். மெஷினை மட்டும் இவங்க எழுந்தப்புறம் ஓட்டச் சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தாள்.