கடைசி வரியில் ஒரு வேலம்மா

தேவபிரியம் கிராணிக்கு வேதத்தில் ஒரே ஓர் இடம்தான் பிடிக்காது. திராட்சைத் தோட்டத்து முதலாளி விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயப்போகிற நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலியைக் கொடுத்தாரே, அந்த இடம். முப்பத்தொரு வருஷம் சுங்கை மெர்பாவ் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து, யார் வேலைக்கு வந்தான், யார் வரவில்லை என்று எழுதியவர் அவர். காலை ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. ஆறு மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்து கையைப் பிசைந்தாலும் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், சாயங்காலம் வந்தவனுக்கும் முழுப் பேர் என்றால் அவர் வயிறு எரியுமா எரியாதா? "அந்த மொதலாளிக்கு ஒரு நல்ல கிராணி அமையல," என்று மனைவி அன்னம்மாவிடம் சொல்லுவார். கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று தடவை பதில் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டவள் அவள்.

எண்பத்தாறாம் வருஷம் கிராணிக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது, வேலையும் முடிந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி தோட்டம் கொடுத்த வீட்டைக் காலி செய்து மேனேஜர் கையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் எங்கே போவது? ரவாங்கில் மகன் இருக்கிறான், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். போன கிறிஸ்மஸுக்கு அங்கே போய்ப் பத்து நாள் இருக்கலாம் என்று பெட்டியோடு இறங்கினார்கள். நாலாம் நாள் காலையிலேயே மருமகள், யாரும் கேட்காமல், கோலசிலாங்கூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவந்து சொல்லிவிட்டாள். அன்று மத்தியானமே இருவரும் பஸ் ஏறினார்கள்.

இந்த நேரத்தில்தான் கர்த்தர் கதவைத் திறந்தார். கிராணி அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிள்ளானில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் சாகும்போது கோலசிலாங்கூர் டவுனில் இருந்த தன் கல்வீட்டை மிஷனுக்கு எழுதிவைத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில், பத்து வருஷத்தில் ஞாயிறு ஆராதனையை யார் குறைவாகத் தவறவிட்டிருக்கிறார்களோ, அவர் ஆணோ பெண்ணோ, உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கலாம். வருகைப் பேரேட்டைப் பார்த்து மிஷன் முடிவு சொல்லும். கிராணி மறுநாளே பஸ் பிடித்துப் போய் அந்த வீட்டை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். முன்னறை, பின்னறை, சிமெண்டுத் தரை, குழாய்த் தண்ணீர். அடுத்த வாரம் அன்னம்மாவையும் அழைத்துப்போய், திரைத்துணிக்கு ஜன்னல் எத்தனை முழம் இருக்கும் என்று கண்ணாலேயே அளக்கச் சொன்னார்.

அவருக்கு என்ன குறை? பத்து வருஷமென்ன, இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதில்லை. மூலம் அறுத்த மறு ஞாயிறே தலையணையைப் போட்டு உட்கார்ந்து பாடியவர். தோட்டக் கோயிலுக்குச் செயலாளரும் அவர்தான், பேரேடு எழுதுவதும் அவர்தான். அந்தப் பேரேட்டில்தான் ஒரு சின்னச் சங்கதி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது பேருக்குக் குறைந்தால் கோயிலை மூடி டவுன் கோயிலோடு சேர்த்துவிடுவோம் என்பது மிஷன் கட்டளை. அப்போது தோட்டத்து இளசுகளெல்லாம் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் தொழிற்சாலை வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. கோயிலுக்கு வந்தது பதினாறு பேர், மழை பெய்தால் பதினொன்று. கோயிலை மூடினால் செயலாளர் பதவி என்னாவது, முதல் பெஞ்சு என்னாவது? ஆகவே ஞாயிறு மத்தியானம் கோழிக்கறி சாப்பிட்டு ஏப்பம் விட்டபின், கிராணி மேசையில் உட்கார்ந்து முப்பது பேரை வரவழைத்தார்.

கள்ளப் பேர் பிடிப்பதில் அவரை மிஞ்சத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அதனால் கள்ளப் பேர் எழுதுவதிலும் நல்ல கைத்தேர்ச்சி. கல்யாணமாகிச் சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்ட சந்திரிகா அவர் பேரேட்டில் ஒழுங்காகக் கோயிலுக்கு வந்தாள். செத்துப்போன தங்கராஜு இரண்டு ஈஸ்டருக்கு வந்திருந்தார். ஈஸ்டராக இருந்தபடியால் அது ஒன்றும் பெரிய தப்பாகக் கிராணிக்குப் படவில்லை. ஆனால் எல்லாரும் எல்லா வாரமும் வந்தால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? அதற்காக ஆளுக்குக் கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் கல்யாணம், கொஞ்சம் பிரசவம் என்று பிரித்துக் கொடுத்து, ஓரத்தில் காரணமும் எழுதிவைத்தார். தன்னையும் விடவில்லை. எழுபத்தொன்பதில் காய்ச்சல், எண்பத்திரண்டில் பந்திங்கில் மைத்துனி கல்யாணம், எண்பத்துநாலில் வயிற்றுப்போக்கு. மூன்று நாளும் மனுஷன் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். செயலாளரே வராத நாள் உண்டு என்று கண்டால் பேரேட்டை எவன் சந்தேகப்படுவான்? இது அவருடைய கெட்டிக்காரத்தனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் நகல் கோலா குபு பாருவில் இருந்த மிஷன் ஆபீசுக்குப் போய்விடும்.

எவ்வளவு இழுத்தும் முப்பதுக்கு ஒன்று இடித்தது. அதற்காகக் கடைசி வரியில் வேலம்மாவை எழுதினார். கோயிலைக் கூட்டிப் பெருக்கித் திறந்து பூட்டுகிறவள் வேலம்மா. புல்வெட்டுகிறவள், புருஷன் இல்லாதவள், மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கிற குடும்பம். கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள். வெறும் வேலம்மா என்றால் நன்றாக இருக்காது என்று மார்த்தா வேலம்மா என்று எழுதினார். அவளுக்கு மட்டும் வராத நாள் எழுதவில்லை. பெருக்குகிற பொம்பளைக்குப் பந்திங்கில் எந்த மைத்துனி கல்யாணம் வரப்போகிறது, அவளுக்குக் காரணம் தேடி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்று அலட்சியம். ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரியில் ஒரு கோடு போட்டுப் பேரேட்டை மூடுவார், படுத்துத் தூங்குவார். பத்து வருஷமாக அப்படித்தான் நடந்தது.

நவம்பர் கடைசி ஞாயிறு நேசையா பாஸ்டர் கோலா குபு பாருவிலிருந்து தன் பழைய டட்சன் காரில் வந்து இறங்கினார். வட்டாரத்துக்கே பெரிய பாஸ்டர் அவர், இந்தக் கோயிலுக்கு வருவது அபூர்வம். கிராணி அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். மூன்றே நாள், பத்து வருஷத்தில் மூன்றே நாள் தவறியவன் இந்த வட்டாரத்தில் எவன் இருக்கிறான் என்று மனசுக்குள் நன்றிப் பாட்டைக்கூடப் பாடி முடித்துவிட்டார். பாஸ்டரோ வேறு இடம் கிடைக்காதது போல அந்தத் திராட்சைத் தோட்டத்தையே எடுத்துப் பிரசங்கம் செய்தார். கிராணி அதையும் பொறுத்துக்கொண்டார்.

பிரசங்கம் முடிந்து பாஸ்டர் ஒரு தாளைப் பிரித்தார். "இந்தக் கோயில்லருந்து ஒருத்தர தேர்ந்தெடுத்திருக்கோம். பத்து வருஷம். ஒரு ஞாயிறுகூட தவறல. எனக்கே நம்ப முடியல, ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன்."

ஒரு ஞாயிறுகூடவா என்று கிராணிக்கு லேசாக இடித்தது. சரி, நம் விஷயத்தில் தாராளமாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கோட்டை இழுத்துவிட்டு எழுந்தார்.

"சிஸ்டர் மார்த்தா வேலம்மா," என்றார் பாஸ்டர். "எங்க இருக்கீங்க?"

கதவுப் பக்கம் துடைப்பத்தோடு நின்ற வேலம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள். எழுந்த கிராணிக்கு உட்காரத் தெரியவில்லை. "பாஸ்டர், ஒரு நிமிஷம்," என்றார். "அந்தம்மா வந்து... கோயில் பெருக்குறவங்க."

"பெருக்கவும் செய்றாங்களா?" என்று பாஸ்டர் உருகிப்போனார். "பாத்தீங்களா சபையே! ஆராதனைக்கும் வந்து, ஊழியமும் செஞ்சிருக்காங்க."

"இல்ல பாஸ்டர், அவங்களுக்கு ஞானஸ்நானம்கூட ஆகல."

"ஆகாமலே பத்து வருஷம் வந்திருக்காங்க. நமக்கெல்லாம் ஆகியும் என்ன செஞ்சோம்? வீடு குடுத்தவர் வருகையத்தான் பாக்கச் சொன்னாரு, பிரதர். வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

வேறு என்ன சொல்வது? அது கள்ளப் பேர் என்று சொல்லலாம். சொன்னால் பாஸ்டர் மற்ற பேர்களையும் கேட்பார். சந்திரிகா வருவாள், செத்துப்போன தங்கராஜு வருவார், வரிசையாகப் பதினாலு பேர் எழுந்து வந்து கிராணியின் கோட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கோயிலையும் அன்றைக்கே மூடிவிடுவார்கள். "ஒன்னுமில்ல பாஸ்டர்," என்று உட்கார்ந்துவிட்டார். சபை கைதட்டியது. அவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினார். "இருவத்திரண்டு வருஷம்! ஒரு நாள் தவறுனேனா நானு? நாய் மாதிரி வந்தேன். எனக்கு இல்ல, அந்தப் புல்வெட்டுறவளுக்கா வீடு? இதுதான் நியாயமா? இதுக்காகவா நான் விழுந்து விழுந்து கும்பிட்டேன்?"

அன்னம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "வந்த நாள வரலன்னு எழுதுனது யாரு? கர்த்தரா?" என்று கேட்டாள். பிறகு, "என்னால ரவாங்குக்குப் போக முடியாதுங்க. அந்தப் பொண்ணு வாசல்ல நான் இன்னொரு தடவ பெட்டிய வைக்கமாட்டேன்," என்று சொல்லி அழுதாள். அவள் அழுது கிராணி பார்த்ததில்லை. அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

வேலம்மா கொட்டகை வாசலில் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். கிராணியைக் கண்டதும் முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் நல்ல வார்த்தையாகத் தேடி வைத்திருந்தார்.

"வேலம்மா, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த வீடு வேணாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடு. பொய்க்கணக்குல வர்ற வீட்டுல குடியிருந்தா பாவம் வரும்."

"எது பொய்ங்கய்யா?"

"நீ கோயிலுக்கு வந்ததா நான் எழுதுனது. ஆளு கொறஞ்சிச்சு, சும்மா எழுதி வச்சேன்லா. ஒன் பேர் அதுல இருக்குறதே ஒனக்குத் தெரியாதுல்ல?"

"பேரு இருக்குறது தெரியாதுங்கய்யா. ஆனா நான் வந்தேனே," என்றாள் வேலம்மா. "கதவத் தொறக்குறது நானு, பூட்டுறது நானு. நடுவுல எங்க போவேன்? கதவுக்குப் பின்னால அந்த ஒடஞ்ச பெஞ்சு கெடக்குல்ல, அதுலதான் ஒக்காந்திருப்பேன். மொத வருசம் சும்மா ஒக்காந்தேன். அப்பறம் கேக்க நல்லா இருந்திச்சு. எங்க ஊட்டுக்காரரு போனப்ப, பாஸ்டரு யாருக்கோ சொன்னத எனக்குச் சொன்ன மாதிரி எடுத்துக்கிட்டேன். ஒரு நாளு காய்ச்சல்ல கம்பளிய போத்திக்கிட்டு வந்தேன். நீங்க மூலம் அறுத்துட்டு தலகாணியோட வந்தீங்களே, அன்னிக்குத்தான். நீங்க பாக்கலீங்க. நீங்க பின்னால திரும்பமாட்டீங்க."

கிராணி யோசித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பின்னால் திரும்பியதே இல்லை என்பது உண்மைதான். பேரேடு முழுக்கப் புரட்டினால் அவர் பொய்யென்று எழுதிய ஒரு வரி மெய்யாக நிற்கிறது. தன்னைப் பற்றி எழுதியதில் மூன்று வரி பொய்யாக நிற்கிறது. அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வீடு வேண்டியிருந்தது.

"அய்யா டிசம்பர்ல எங்க போறீங்க?" என்று வேலம்மா கேட்டாள்.

அவர் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரவாங்கு சரிப்படாதுன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு ரூமு இருக்காம்ல அந்த வீட்டுல? அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்திருங்க. தனியா அவ்வளவு பெரிய வீட்டுல நான் என்னா செய்வேன்."

கிராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் எத்தனையோ தடவை இவளுக்கே பேர் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். பிள்ளை செத்த மறுநாள் பெரட்டுக்குக் கால்மணி நேரம் தாமதமாக வந்தாள் என்று அனுப்பியது அவருக்கே இப்போது நினைவுக்கு வந்தது. அவள் முகத்தில் அது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றையும் காணோம். கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடகை?" என்றார்.

"எனக்கே சும்மா குடுத்தாங்க. ஒங்ககிட்ட நான் எதுக்கு வாங்கணும்?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அந்தப் பொம்பளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். கிராணிக்கும் கண் கலங்கத்தான் செய்தது. அதைப் பொய் சொல்லக்கூடாது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கனைத்துக்கொண்டார். நாலடி போனவர் நின்று, முதல் தடவையாகப் பின்னால் திரும்பி அவளைப் பார்த்தார்.

"முன்னறை எங்களுக்குத்தானே?" என்று கேட்டார்.

"எடுத்துக்குங்கய்யா," என்றாள் வேலம்மா.