பச்சை வயர்

நூர்முகம்மதுவின் சவுண்ட் சர்வீஸ் கடையில் தேவேந்திரன் அன்று இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை வாசித்துப் பார்த்துவிட்டான். இரண்டும் புதியவை. ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு உள்ள பெட்டியோடு இணைத்தபோது பேஸ் கிதாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, துடைத்துவைத்தது போல வந்தது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை.

“க்ளீனாத்தான் இருக்கு பாய். ஆனா உடம்பு இல்ல” என்றான்.

மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒன்று கிடந்தது. மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து வந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். அதைத் தூக்கிப் பதினைந்து அங்குல ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வால்வுகள் சூடேறிச் சிவக்கும்வரை காத்திருந்துவிட்டு, தேவேந்திரன் தடித்த கம்பியை ஒரே ஒரு முறை மீட்டினான்.

சத்தம் காதுக்கு முன்னால் காலுக்கு வந்தது. கடை வாசலில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு, நிலநடுக்கமோ, ஆடுகிறதா என்று தலைக்கு மேலிருந்த ஃபேனைப் பார்த்தார்கள். தேவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். ஹேடோ துறைமுகத்தில் பகல் முழுக்கச் சரக்குக் கணக்கெழுதும் அவனுக்குப் பத்து வருடமாக மனதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது.

“இதுதான்” என்றான்.

நூர்முகம்மது தலையசைக்கவில்லை. “இது இன்னும் ரெடி ஆகல தம்பி. உள்ள ஒரு கெப்பாசிட்டர் செத்துக்கிட்டு இருக்கு. கரண்டு பாடிக்குக் கசியுது. எர்த் இருக்கிறதால பூமிக்குப் போயிடுது, அவ்வளவுதான். சாமான் மெயின்லேண்டுலருந்து கப்பல்ல வரணும். வரட்டும், மாத்தித் தர்றேன்.”

“கப்பல் எப்ப வர்றது பாய்? ஹேவ்லாக் தீவு ஹோட்டல்காரன் இந்த மாசக் கடைசிக்குள்ள மூணு பாட்டு ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கான். சீசன் முழுக்க வேலை. உங்க அண்ணன் மகனுக்கும் சேர்த்துத்தான்.”

அண்ணன் மகன் ஆரிப் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தான். தேவேந்திரனின் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனும் அவன்தான். அவன் சித்தப்பாவைப் பார்த்தான்.  நூர்முகம்மது மூன்று முள் பிளக்கைக் கையில் எடுத்து, நடுவிலிருந்த பெரிய முள்ளைக் கட்டைவிரலால் தட்டிக் காட்டினார்.

“இந்த முள்ளுல ஒரு பச்சை வயர் இருக்கு. அது இருக்கிற வரைக்கும் பயமில்ல. அதுல மட்டும் கை வைக்காத. சமஜ் கயா, புரிஞ்சுதா?”

“சமஜ் கயா பாய்” என்றான் தேவேந்திரன்.

அவர்கள் ஒத்திகை பார்க்கும் அறை சிப்பிகாட்டில் இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. பின்பக்கம் சுனாமியில் கடல்நீர் புகுந்து திரும்பிப் போகாத வயல். செத்த தென்னைகள் மொட்டையாக நின்றன. நீரோரத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. அறை விஜயகுமாரியின் அண்ணன் சிவப்பிரகாசத்துக்குச் சொந்தம். விஜயகுமாரி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். குழுவில் பாடுபவளும் சாதாரண கிதார் வாசிப்பவளும் அவள்தான். அறைக்குள் செருப்போடு வர மாட்டாள். பாடுகிற இடத்தில் செருப்பா என்பாள்.

முதல் நாள் புதுச் சத்தத்தைக் கேட்டு அவளே பாட்டை நிறுத்திவிட்டாள்.

“ஐயோ தேவா, இவ்வளவு நாள் நாம என்னத்த வாசிச்சிக்கிட்டிருந்தோம்?”

அந்த மாதத்தில் அவன் காதில் விழுந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

ரெக்கார்டிங்குக்காக ஆம்ப்ளிஃபயரிலிருந்து மிக்ஸருக்குக் கேபிள் இழுத்ததும் ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டது. பாட்டுக்கு அடியில் ஒரு வண்டு உட்கார்ந்திருப்பது போல. கேபிளை மாற்றினான், பிளக் பாயிண்ட்டை மாற்றினான், பெட்டியைத் திருப்பி வைத்தான். வண்டு போகவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. ஆரிப், “சித்தப்பாகிட்ட இந்த இரைச்சலை வெட்டுற ஐசொலேஷன் பாக்ஸ் ஒண்ணு இருக்கு. கல்யாணத்துக்குப் போயிருக்கு, புதன்கிழமை வந்துடும்” என்றான். புதன்கிழமை அது வரவில்லை.

வியாழக்கிழமை மாலை தேவேந்திரன் தனியாக அறைக்கு வந்தான். பிளக்கைக் கழற்றினான். பச்சை வயரை முள்ளிலிருந்து உருவி, மடித்து, கறுப்பு டேப் சுற்றி உள்ளேயே வைத்து மூடினான். சுவிட்சைப் போட்டான். ரீங்காரம் இல்லை. கண்ணாடி போல அமைதி. அதற்குள்ளிருந்து அவன் மீட்டிய சுரம் தனியாக எழுந்து வந்தது.

ரெக்கார்டிங் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவதாகத் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

“அந்த இரைச்சல் எப்படிடா போச்சு?” என்று மறுநாள் ஆரிப் கேட்டான்.

“நல்ல கேபிளா ஒண்ணு மாட்டினேன்.”

மூன்று பாட்டும் அந்த வாரமே பதிவாகிவிட்டன. மிக்ஸருக்குப் போகும் கேபிள் இருந்தவரை, கசிந்த கரண்டு அதன் வழியாக மிக்ஸரின் எர்த்துக்கு வடிந்துகொண்டிருந்தது. பதிவு முடிந்து கேபிளைக் கழற்றிச் சுற்றிவைத்த பிறகு அது போக வழி இல்லை. ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பிலும், அதிலிருந்து கிதாரின் கம்பிகளிலும் ஏறி நின்றது. மைக்குகள் மட்டும் மிக்ஸர் வழியாகப் பூமியோடு இணைந்திருந்தன.

ஹோட்டலிலிருந்து சம்மதம் வந்தது. தினமும் மாலை ஒத்திகை என்று ஆனது. மழையும் பிடித்துக்கொண்டது. பின்பக்க வயலின் நீர் ஏறி, தரையில் எப்போதும் ஒரு ஈரம் பளபளத்தது. தேவேந்திரன் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல உணர்ந்தான். வியர்வை என்று நினைத்தான். ஒருநாள் விஜயகுமாரி ஒரு கையில் மைக்கோடு, மறு கையால் பாட்டுத் தாளை அவனிடம் நீட்டினாள். விரல்கள் பட்டதும் இருவரும் துள்ளினார்கள்.

“அட, உன் கை கடிக்குது தேவா!”

ஆரிப் சிரித்தான். “க்யா பாத் ஹை, பிரமாதம்!” என்று டிரம்மில் ஒரு தட்டு தட்டினான். தேவேந்திரனும் சிரித்தான்.

“மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்” என்றான்.

அவர்கள் போன பிறகு கரண்டைக் காட்டும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் வைத்தான். கைப்பிடிக்குள் சிவப்பு விளக்கு பிரகாசமாக எரிந்தது.  பச்சை வயரை மாட்டிவிட ஐந்து நிமிட வேலை. ஆனால் ஸ்க்ரூவைக் கழற்றப் போன கை நின்றது. ஹோட்டலின் சீசன் திறப்பு விழாவுக்கு வீடியோ எடுக்க வருகிறார்கள். மறுபடி கேபிள் இழுக்க வேண்டும். மறுபடி அந்த வண்டு. விழா முடியட்டும் என்று நினைத்தான். டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த நாளிலிருந்து அவன் தடித்த ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாசித்தான். பின்பாட்டுப் பாடும்போது உதடு மைக்கில் படாமல் தள்ளி நின்றான். வேறு யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நல்ல மழை. தகரத்தில் விழுந்த சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று தேவேந்திரன் பேஸைக் கூட்டிவைத்திருந்தான். இரண்டாவது பாட்டின் நடுவில் விஜயகுமாரி கையைத் தூக்கினாள்.

“என் குரல் எனக்கே கேக்கல. கொஞ்சம் கம்மி பண்ணு.”

அவன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது விழவில்லை. அவளே வலக்கையில் மைக்கைப் பிடித்தபடி வெறுங்காலோடு நடந்து வந்தாள். வால்யூமைக் குறைக்க இடக்கையை நீட்டினாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் கை முகப்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. “தொடாத!” என்று கத்த அவனுக்கு நேரம் இருந்தது. பின்னாட்களில் அந்த நேரத்தைத்தான் அவன் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவள் அலறவில்லை. மைக்கைப் பிடித்த கை மார்போடு இறுகியது. இன்னொரு கை இரும்பை விடவில்லை. கண்கள் தேவேந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆரிப்தான் டிரம்ஸைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தான். அவள் சரிந்தாள். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

“மூச்சு இல்ல! தேவா, மூச்சு இல்லடா!”

ஆரிப் அவள் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்கினான். எண்ணிக்கொண்டே அழுத்தினான். தேவேந்திரன் கிதாரைத் தோளில் மாட்டியபடியே நின்றான். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அவள் தொண்டையில் ஒரு இழுப்பு கேட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த சிவப்பிரகாசம் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பதாகவும், இரண்டு நாள் போக வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். சிவப்பிரகாசம் தாழ்வாரத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “ஓட்டைப் பெட்டிய என் தங்கச்சி தலையில கட்டிட்டான் அந்தக் கடைக்காரன். அவன விட மாட்டேன்.”

தேவேந்திரன் அவர் பக்கத்திலேயே நின்றான்.

மறுநாள் காலை அவர் ஏழெட்டுப் பேரோடு கடைக்குப் போனார். முன் கண்ணாடி உடைந்தது. போலீஸ் வந்து நூர்முகம்மதுவை விசாரணைக்குக் கூட்டிப்போனது. அன்று மாலை ஆரிப், ஹேடோ குவார்ட்டர்ஸில் தேவேந்திரனின் வீட்டு வாசலில் வந்து நின்றான். நனைந்திருந்தான். உள்ளே வரவில்லை.

“நான் அந்த பிளக்கத் திறந்து பாத்தேன்” என்றான்.

தேவேந்திரன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“டேப் சுத்தி அழகா மடிச்சு வெச்சிருக்க.”

“ஆரிப், நான்…”

“நான் போய்ச் சொன்னா, சித்தப்பாவைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுதான் நினைப்பாங்க. நீயே சொல்லு.” படியிறங்கப் போனவன் நின்றான். “செருப்பு போட்டு வாசிச்சியே. அதை நான் அப்ப கவனிக்கல. ராத்திரி பூரா அதுதான் கண்ணுல நிக்குது.”

அவன் போய்விட்டான். தேவேந்திரன் அன்று போகவில்லை. கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்த அப்பாவுக்கு போன் போட்டான். லைன் கிடைத்தது. சாப்பிட்டீர்களா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். சட்டையை மாட்டினான். பிறகு கழற்றிப் போட்டான். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

விஜயகுமாரியைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இடது கை முழங்கைவரை கட்டு. சிவப்பிரகாசம் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“கடைக்காரர் மேல தப்பில்ல. எர்த் வயரை நான்தான் கழட்டினேன்” என்றான் தேவேந்திரன். தான் நினைத்ததைவிட மெல்லிய குரலில் வந்தது. “சத்தம் சுத்தமா வரணும்னு.”

சிவப்பிரகாசம் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்தார். விஜயகுமாரி, “அண்ணா, உக்காருங்க” என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. தேவேந்திரனையே பார்த்தாள். பெட்டியைத் தொட்ட நொடியில் பார்த்தாளே, அதே பார்வை.

“கை கடிக்குதுன்னு சொன்னேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல முடியும். அவனுடைய டெஸ்டரை யாரும் பார்க்கவில்லை.

“அன்னைக்கு சாயங்காலம் தெரிஞ்சுது.”

“அதுக்கப்புறம் எத்தனை நாள் பாடினேன்?”

“ஒம்பது நாள்.”

அவள் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “போயிடு” என்றாள். அவன் வாசலைத் தாண்டிய பிறகுதான் சிவப்பிரகாசம் பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்தார். அடித்தார். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் விலக்கிவிடும்வரை தேவேந்திரன் கையை உயர்த்தவில்லை.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதிய அதிகாரி ஹிந்தியில் கேட்டார்: “ஜான்பூஜ்கே கியா?” தெரிந்தேதான் செய்தாயா?

வயரைத் தெரிந்தே கழற்றினான். யாருக்கும் அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. இந்த இரண்டையும் எப்படி ஒரே வாக்கியத்தில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

“ஹாங், ஆமாம்” என்றான்.

அன்று மதியமே நூர்முகம்மதுவை விட்டுவிட்டார்கள். தேவேந்திரன் மேல் வழக்கு பதிவானது. துறைமுக வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். ஒருநாள் அவன் கடைக்குப் போனான். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தது.

“நானும் குடுத்திருக்கக் கூடாது. அது என் தப்பு” என்றார் நூர்முகம்மது. “ஆனா போலீஸ் ஜீப்புல ஏறும்போது, நீ வந்து சொல்லிடுவன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன் தம்பி.” வாடிக்கையாளர் ஒருவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

விஜயகுமாரி இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அவள் கிதாரை வாசிக்க ஆளில்லாமல் விற்றுவிட்டார்கள். ஹோட்டல்காரர்கள் வேறு குழுவை வைத்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் சிப்பிகாட்டில் பள்ளி ஆண்டு விழா நடந்தது. கோர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸில் அங்கே வந்து இறங்கிய தேவேந்திரனுக்கு அவள் குரல் கேட்டது. மைக் இல்லாமல், பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். ஆரிப் ஒரு டோலக்கை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். தேவேந்திரன் பள்ளி வாசலுக்கு வெளியிலேயே நின்றான். குரல் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. ஏற வேண்டிய இடம் வந்ததும் அவள் அதை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பாட வைத்தாள்.

சாலையில் நின்ற ஒரு அம்மா, “உள்ள போங்க, இடம் இருக்கு” என்றாள்.

“இல்லம்மா” என்றான். பாட்டு முடிவதற்குள் அடுத்த பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.