அத்தர் வந்துவிட்டார்

அவருக்கு அத்தர் என்று பெயர் வைத்தது அவருடைய மச்சான். அக்காவைப் பார்க்க வந்திருந்தவன், மாமா வேலை முடிந்து படியேறி வருவதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தர் பூசாம மாமா வேலைக்கே போக மாட்டாரு போலிருக்கே" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு படியிறங்கிக் கீழ்வீட்டுத் தையற்காரம்மாவின் காதில் விழுந்தது. அவள் காதில் விழுந்த எதுவும் அங்கேயே தங்கியதில்லை. கொஞ்ச நாளில், அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே கட்டிடத்தில் பாதிப்பேருக்கு மறந்துபோயிற்று.

அத்தருக்கு வேலை சமையல் எரிவாயு நிரப்பும் ஆலையில். எரிவாயுவுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. கசிந்தால் ஒருவருக்கும் தெரியாது. பிறகு யாராவது தீக்குச்சி உரசினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் விற்பதற்கு முன்னால் அதில் வேண்டுமென்றே நாற்றத்தைக் கலக்கிறார்கள். மெர்காப்டன் என்று பெயர். கந்தகம் சேர்ந்த திரவம். பார்க்கத் தண்ணீர் மாதிரி சாதுவாக இருக்கும். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டைக்கோசையும் பூண்டையும் சேர்த்து மூடிவைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்தது போல் அடிக்கும். உடம்புச் சூட்டுக்கே கொதித்து ஆவியாகிவிடும். ஒரு சொட்டு போதும், பக்கத்துத் தெருவில் ஜன்னல் சாத்துவார்கள். அதிகமாக மூச்சில் ஏறினால் தலைவலி, குமட்டல், அதற்கும் மேலே போனால் மயக்கம். நெருப்பும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அந்தத் திரவத்தைப் பீப்பாயிலிருந்து குழாய்க்கு ஏற்றி, எரிவாயுவில் அளவாகக் கலந்துவிடுவதுதான் அத்தரின் வேலை. ஊரில் யாருக்குமே பிடிக்காத ஒன்றை ஊரில் எல்லார் வீட்டுக்கும் பாரபட்சம் பார்க்காமல் அனுப்பிவைத்தார் என்று சொல்லலாம்.

கலவை அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு மூக்கு மரத்துவிடும். கலந்தது சரியாக நாறுகிறதா என்று பார்ப்பதற்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவள் எட்டி நின்று முகர்ந்து பார்த்து, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு தலையாட்டினால் சரி. அத்தரும் கூட இருந்தவர்களும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தங்கள் வேலை நன்றாக இருக்கிறதென்று தெரிந்துகொண்டார்கள்.

வீட்டில் இதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. வேலைச் சட்டைகள் பால்கனியில் ஒரு தகரப்பெட்டிக்குள். வந்ததும் நேரே குளியல். சாப்பாடும் பால்கனியில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து. உள்ளே மேசையில் மனைவியும் மகளும் சாப்பிடுவார்கள். சின்ன வயதில் மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடிவருவாள். விவரம் தெரிந்த பிறகு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் புத்தகப்பையை யாரோ முகர்ந்துபார்த்து என்னவோ சொன்னார்களாம். அதை அத்தரிடம் யாரும் சொல்லவில்லை, அவராகத் தெரிந்துகொண்டார். சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கட்டிடமும் பழகிக்கொண்டது. பின்பக்கம் ஒரு கம்பிக்கூண்டுக்குள் வரிசையாகப் பெரிய சிலிண்டர்கள் உண்டு. அங்கிருந்து ஒரே குழாய் மாடிப்படிக்குப் பின்னால் ஏறி எல்லா வீட்டுச் சமையலறைக்கும் போகும். அத்தர் குடிவந்த புதிதில், கேஸ் கசிகிறது என்று தையற்காரம்மா அலறியடித்து ஃபோன் செய்தாள். இரண்டு பேர் கருவியோடு வந்து குழாய் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் கொடியில் தொங்கிய அத்தரின் சட்டைக்கு முன்னால் போய் நின்றார்கள். அதைச் சொல்லிச் சொல்லிக் கட்டிடம் வருஷக்கணக்கில் சிரித்தது. அதற்கப்புறம் யாரும் ஃபோன் செய்யவில்லை. நாற்றம் வந்தால் அத்தர் வந்துவிட்டார் என்று அர்த்தம். தையற்காரம்மா கடைசித் துணியை எடுத்து மடித்துவைப்பாள். மேலே மனைவி டீக்குத் தண்ணீர் வைப்பாள்.

நடையாய் நடந்து, கெஞ்சி, ஒருவழியாக அத்தர் எடை சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றல் வாங்கினார். நிரப்பிய சிலிண்டரைத் தராசில் ஏற்றி இறக்கும் வேலை, நாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு முன்னால் வெளியூரில் பத்து நாள் பயிற்சி. கிளம்பும்போதே தகரப்பெட்டியைச் சட்டைகளோடு ஆலையில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். போன இடத்தில் புதுச்சட்டை, புதுச்செருப்பு. பெல்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. திரும்பும்போது ரயிலில் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். அத்தருக்கு அதுவே பெரிய நற்சான்றிதழாக இருந்தது. இன்றைக்கு மேசையில் உட்கார்ந்து மகளோடு சாப்பிட வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு யோசனையே இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் கட்டிடத்துக்குள் நுழைந்தார். தையற்காரம்மாவின் கதவு திறந்திருந்தது. அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"வந்தாச்சா அத்தரு? கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லிடுவேன். இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலாவே இருக்கே!"

அத்தர் நின்றுவிட்டார். "நான் இப்பதான்க்கா வெளியூர்லருந்து வரேன்."

"எந்த ஊருக்குப் போனா என்ன தம்பி? அது உங்கள விட்டுட்டா இருக்கும்?"

பழக்கதோஷத்தில் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படியேறினார். பாதிப்படியில் நின்று சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவருக்கு எப்போதுமே ஒன்றும் தெரிந்ததில்லை. அந்த மூக்கின் சாட்சியை அவரே நம்பமாட்டார்.

கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "வந்துட்டீங்களா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"இது ஒரு கேள்வியா?"

கதவைத் திறந்தாள். புதுச்சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே மூக்கு சுருங்கியது. அவள் மறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன, மகளின் வேலை. அவள் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே ஓடிவந்து, பாதியில் நின்று, அம்மாவைப் பார்த்தாள். அம்மா மூன்றாவது தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள்.

அத்தருக்கு அவமானமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது. சட்டையில் இல்லை, செருப்பில் இல்லை என்றால் உடம்பிலேயே ஊறிவிட்டதா? இனி வேலையை விட்டாலும் இது விடாதா? துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார்.

கதவுக்கு வெளியே மனைவி பேசிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க போய் ஒரு ரெண்டு மூணு நாள் வீடே வேற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. செவுத்துலயே ஊறிக் கெடக்கு போல. நாளுக்கு நாள் கூடிக்கிட்டேதான் போகுது. இன்னிக்கு மதியத்துலருந்து சொல்லவே வேணாம்."

அத்தர் கையில் சோப்போடு அப்படியே நின்றார்.

கூடுகிறதா?

அந்தத் திரவத்தை அவருக்குத் தெரிந்த மாதிரி பெற்ற பெண்ணைக்கூடத் தெரியாது. அது ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத சாமான். துணியைக் காற்றில் தொங்கவிட்டால் நாலு நாளில் பறந்துபோய்விடும். சுவரில் ஊறியிருந்தாலும் நாளுக்கு நாள் குறையும். குறையத்தான் தெரியும் அதற்கு. கூடுகிறது என்றால் எங்கிருந்தோ புதிதாக வந்துகொண்டிருக்கிறது. அவர் பத்து நாளாக ஊரிலேயே இல்லை.

"சரி, டீ போடட்டுமா?" என்று மனைவியின் குரல் சமையலறைப் பக்கம் நகர்ந்தது.

அவர் போட்ட கூச்சலில் அவருக்கே காது அடைத்தது. "அடுப்புல கை வைக்காத!"

இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாக வெளியே பாய்ந்தார். மனைவி லைட்டரைக் கையில் பிடித்தபடி அடுப்புக்கு முன்னால் சிலையாக நின்றிருந்தாள்.

"அழுத்தாத. கீழ வை... இல்ல, வைக்காத. அப்படியே பிடிச்சுக்கிட்டு வெளிய நட."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"கேஸ் கசியுது."

"நீங்க வந்திருக்கீங்க, அதான..."

"நான் இல்லம்மா! என் மேல ஒண்ணும் இல்ல. இது நெஜமான கேஸ். சுவிட்ச் எதையும் தொடாதீங்க. பாப்பா, எனக்கு எதுவும் தெரியாது, நீ சொல்லு, எங்க ஜாஸ்தியா அடிக்குது?"

மகள் கண்கள் விரிய அவரைப் பார்த்தாள். பிறகு மூக்கை நிமிர்த்தி இழுத்தாள். இத்தனை வருஷம் பொத்திக்கொண்டே இருந்த மூக்கு. "வாசப்பக்கம்ப்பா. படியில."

மூவரும் இறங்கினார்கள். இறங்க இறங்க அவள் முகம் கோணியது. அத்தர் கணக்குப் பிரிவு அம்மாவின் முகத்தைப் பார்ப்பது போல மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். எரிவாயு காற்றைவிடக் கனமானது, பள்ளம் பார்த்து இறங்கும். தையற்காரம்மாவின் பின்னறையை ஒட்டிய சுவரருகே வந்ததும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இங்கதான்ப்பா. குமட்டுது."

அந்தப் பின்னறையில்தான் தையற்காரம்மா துணி தேய்ப்பது. அத்தர் மனைவியையும் மகளையும் தெருவுக்குத் தள்ளிவிட்டு, தையற்காரம்மாவின் வாசலில் போய் நின்றார்.

"அக்கா, இஸ்திரிப்பெட்டி போட்டிருக்கீங்களா?"

தையற்காரம்மா துண்டையும் நுரையையும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "இப்பதான் போடப் போறேன், எந்திரிக்கணும்... என்ன தம்பி இது கோலம்?"

"போடாதீங்க. எதையும் தொடாம வெளிய வாங்க. கேஸ்."

"அட, அது நீங்கதான?"

"வாங்கக்கா!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதேயில்லை. எழுந்து வந்துவிட்டாள். அத்தர் முன்பக்கம் தெருச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து கட்டிடத்துக்கே மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு பின்னால் ஓடி, கூண்டுக்குள் நுழைந்து, வால்வைத் திருகி மூடினார். மற்ற வீட்டுக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கினார். சிலர் நாற்றத்துக்காக இறங்கி வந்தார்கள், சிலர் அத்தர் துண்டோடு ஓடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். எப்படியோ எல்லோரும் வந்தார்கள். தெருக்கோடிக்குப் போய் நின்று மனைவி ஃபோன் செய்தாள்.

கேஸ் கம்பெனி ஆட்கள் வந்து உள்ளே போனார்கள். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். மாடிப்படிக்குப் பின்னால் குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. வாயு சுவரிடுக்கு வழியாகத் தையற்காரம்மாவின் பின்னறைக்கு இறங்கியிருக்கிறது.

"அந்த ரூம்ல மட்டும் ஒரு பொறி விழுந்திருந்தா..." என்று ஆரம்பித்த மூத்தவர், எதிரில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "எத்தன நாளா நாத்தம் அடிக்குது?"

"ஒரு வாரமாவே" என்றாள் தையற்காரம்மா.

"ஒரு வாரமாவா! ஏம்மா, ஒருத்தருக்குக்கூட ஃபோன் பண்ணணும்னு தோணலையா?"

 கடைசியில் தையற்காரம்மாவே சொன்னாள். "நாங்க அத்தருன்னு நெனச்சோம்."

"அத்தரா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துண்டு. மேலே, தையற்காரம்மா வரும்போது கையோடு கொண்டுவந்திருந்த யாரோ ஒரு வாடிக்கையாளரின் சட்டை. அதற்குள் இரண்டு அத்தர் உட்காரலாம். வேறொரு நாளாக இருந்தால் அதைவைத்து ஒரு மாசம் ஓட்டியிருப்பார்கள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. ஊரில் ஒரு வீடு விடாமல் எச்சரிக்கையைக் கலந்து அனுப்பியிருக்கிறார். தான் குடியிருக்கும் கட்டிடத்தில் மட்டும் அது எச்சரிக்கையாகவே இல்லாமல் போயிருக்கிறது. அங்கே அது அவருடைய பெயராகிவிட்டது.

எழுந்து நின்றார். துண்டைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. "எல்லாரும் கேட்டுக்கோங்க. இனிமே இங்க நாத்தம் அடிச்சா அது நான் இல்ல. நான் வீட்டுக்குள்ள இருந்தாலும் நான் இல்ல. உடனே ஃபோன் பண்ணுங்க."

"சரி தம்பி" என்றாள் தையற்காரம்மா. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

காற்றாடும்வரை உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனைவி கடைக்குப் போய் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிவந்து தாளில் பிரித்துவைத்தாள். அவள் கையில் இன்னும் லைட்டர் இருந்ததை அப்போதுதான் அவளே கவனித்தாள். அத்தர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

மகள் ரொட்டியோடு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், தோள் இடிக்கிற மாதிரி. குனிந்து அவர் தோளை முகர்ந்தாள். காதோரம் முகர்ந்தாள். திரும்பவும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"தலையில நுரை அப்படியே இருக்குப்பா. சோப்பு வாசனைதான் அடிக்குது" என்றாள்.

அத்தர் தன் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். எப்போதும் போல ஒன்றும் தெரியவில்லை. மகள் சொன்னதை நம்பி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்.