சத்தம் நின்ற பிறகு

விசாரணையன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். முதலாளி சென்னியப்பன் மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில். சூப்பர்வைசர் வேலுமணி அவருக்கு வலப்பக்கம், ஸ்டூலில். மெஷின் ஓட்டுகிற முனீஸ் வாசலுக்கு நேராகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், நுனியில். அச்சான தாள்களைச் சரிபார்க்கிற ரோஸ்மேரி, பிரிக்காத காகிதக் கட்டின்மேல். அவளுக்கும் முனீஸுக்கும் நடுவே நாலடி இருந்தால் அதிகம்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், பனியன் பெட்டிக்குள் வைக்கிற அட்டை அச்சடிக்கும் ஆப்செட் பிரஸ் அது. இரண்டாயிரத்து ஐந்து, மார்கழி மாதம். பொங்கலுக்குப் பத்து நாள் லீவு கேட்டிருந்தான் முனீஸ். முதலாளி முடியாது என்றுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து தினமும் மூன்றரை மணிக்கு மேல் மெஷின் நாலைந்து தடவை நின்றது. நிற்கிற தடவையெல்லாம் கலர் விலகித் தாள் வீணாயிற்று. ஏற்றுமதிக் கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டு ஆர்டரை வேறு பிரஸுக்கு மாற்றிவிட்டது. லீவு எதற்கு என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். கோவில்பட்டிப் பக்கம் ரோஸ்மேரியின் வீட்டுக்குப் போய், அவள் அப்பாவிடம் பெண் கேட்பதற்கு.

"லீவு கெடைக்காத வீம்புக்கு இவனேதான் நிறுத்தறானுங்க" என்றார் வேலுமணி. "தாளு வர்றதப் பாக்கற சென்சார நானே காலைல தாள் வெச்சு டெஸ்ட் பண்ணிட்டனுங்க. நல்லாத்தான் வேலை செய்யுது. காலைல ஓடற மெஷினு சாயங்காலம் மட்டும் ஏனுங்க நிக்கோணும்?"

"அது தானா நிக்குது மொதலாளி" என்றான் முனீஸ்.

சென்னியப்பன் ரோஸ்மேரி பக்கம் திரும்பினார். "உன்ற டேபிள் நேரெதிரதான் இருக்குது. நேத்து மெஷின் நின்னப்ப இவன் கை எங்க இருந்துச்சு கண்ணு?"

வேண்டியவன் என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் நாளைக்கு ஊரே பேசும். ரோஸ்மேரி பார்த்ததை மட்டும் சொன்னாள். "மெஷின நிறுத்துற செவப்புப் பட்டன் மேல இருந்துச்சு."

அவ்வளவுதான். வேலுமணி அதை ஒரு தாளில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முனீஸை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே முனீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். அவள் பின்னாலேயே ஓடினாள். "பாத்ததத்தான சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்லுதீக?"

"நீ பொய் சொல்லல ரோசு. என்னயப் பாத்து ஒரு வார்த்த கேக்கல, அவ்வளவுதான். நீயே நம்பல. உங்கய்யா முன்னால நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?"

அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மெஷினுக்கு அதன்பிறகு வேலை வரவே தை பாதி ஆகிவிட்டது. பிரதீப் என்கிறவன் ஓட்டினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியானால் முனீஸ்தான் நிறுத்தியிருக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள், ரோஸ்மேரி உட்பட. வைகாசியில், பக்கத்தில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட்டில் இருந்த முனீஸின் சித்தப்பா மகன் ராஜபாண்டி, போகிற போக்கில் சொன்னான். முனீஸ் அத்தை மகளைக் கட்டிக்கொண்டானாம். எந்த பிரஸிலும் சேர்க்கவில்லையாம். தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் தூக்குகிறானாம். ரோஸ்மேரி "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அன்று அவள் சரிபார்த்த ஆயிரம் தாளையும் வேலுமணி இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

மறுபடி மார்கழி வந்தது. மூன்றரைக்கு மேல் மெஷின் நின்றது.

"இவனும் லீவு கேட்டானாய்யா?" என்று சென்னியப்பன் வேலுமணியைப் பார்த்துக் கேட்டார். வேலுமணி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் ஆத்தப்பன் வந்தார். தாள் மெஷினுக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிற சென்சாரைப் பஞ்சால் துடைத்தார். திருகைக் கால் சுற்று கூட்டினார், குறைத்தார். ஒயரை மாற்றினார். கடைசியில் சென்சாரையே புதிதாகப் போட்டார். அதுவும் மூன்று நாற்பதுக்கு நின்றது.

சாம்பிள் தாளைக் காட்ட ரோஸ்மேரி மெஷினருகே போனாள். மெஷின் ஓடியது. அவள் திரும்பி நடந்ததும் நின்றது.

"அம்மிணி, அங்கயே நில்லுங்க" என்றார் ஆத்தப்பன். மெஷினை ஓடவிட்டார். ஐம்பது தாள் போயிற்று. "இப்ப நகருங்க." நின்றது.

"ரோஸ்மேரி மேல மெஷினுக்கு அத்தன பாசமுங்க" என்றார் வேலுமணி. பிரதீப் சிரித்தான்.

ஆத்தப்பன் சிரிக்கவில்லை. மேற்குச் சுவரின் மேல் ஜன்னலைக் காட்டினார். "மார்கழில மட்டும் சூரியன் அந்த ஓரத்துக்கு எறங்குதுங்க. வெயிலு நேரா சென்சார்ல அடிக்குது. தாளு வர்றதுக்கு முன்னயே வந்துருச்சு, எங்கயோ தப்புன்னு நெனச்சு சென்சாரு மெஷின நிறுத்திப்போடுது. அவங்க நின்னா நெழலு."

ஒரு துண்டுக் கறுப்பு அட்டையை வளைத்துச் சென்சாருக்குக் குடை மாதிரி ஒட்டினார். மெஷின் நிற்காமல் ஓடியது.

ரோஸ்மேரி தன் டேபிளுக்கு வந்து உட்கார்ந்தாள். போன வருஷம் தான் எப்போது தலை நிமிர்ந்தோம் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சத்தம் நின்றதால்தான் நிமிர்ந்தாள். அதற்குள் முனீஸின் கை பட்டனுக்குப் போயிருந்தது. தானாக நின்ற மெஷினானாலும், சிக்கின தாளை எடுக்கப் பட்டனை அமுக்காமல் அவன் ஒருநாளும் உள்ளே கையை விட்டதில்லை. அது அவளுக்கு அப்போதும் தெரியும்.

முதலாளி அறைக்குப் போய், "அன்னிக்கு நான் சொன்னத எழுதி வச்சீகளே, அதுக்குக் கீழ, சத்தம் நின்ன பொறவுதான் நான் பாத்தேன்னும் எழுதணும்" என்றாள்.

"முடிஞ்சுபோனது அம்மிணி. இப்ப எதுக்கு?"

"அவுகளுக்கு முடியலயே மொதலாளி."

சென்னியப்பன் பிரஸின் லெட்டர்பேடில் எழுதினார்: முனீஸ் மீது தவறில்லை, சென்சாரில் வெயில் பட்டதே காரணம், ஆறு வருஷம் நல்லபடியாக மெஷின் ஓட்டியவர். கையெழுத்துப் போட்டு, "வேலைக்கு வரச்சொல்லியும் எழுதட்டுமா கண்ணு?" என்றார்.

"எழுதுங்க. அவுக வீட்டம்மாகிட்ட கலந்து முடிவு பண்ணிக்கிடட்டும்."

அவள் தனியாக ஒரு தாளில் எழுதினாள். அந்த வீட்டில் யார் பிரித்துப் படித்தாலும் குற்றம் சொல்ல முடியாதபடி எழுதினாள். மூன்று தாள் கிழித்தபின் நாலாவது தாளில் இது நின்றது:

"விசாரணையில் நான் சொன்னது பாதி. மெஷின் சத்தம் நின்ற பிறகுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு முன்னால் உங்கள் கை பட்டனுக்குப் போனதை நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இந்தச் சர்டிபிகேட்டைக் காட்டினால் எந்த பிரஸிலும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் இருவருக்கும் நல்லது நடக்கட்டும்."

இரண்டையும் மடித்து உறைக்குள் வைத்து, பசை தடவி, விரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள். மறுநாள் காலை தபாலாபீஸில் ரிஜிஸ்டர் வரிசையில் நின்றாள்.

"அனுப்புறவங்க பேரு எழுதலயேம்மா, பிரஸ் அட்ரஸ்தான இருக்குது?" என்றார் கிளார்க்.

"பிரஸ்ல இருந்துதான் போகுது."

அவர் எடை பார்த்து, ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குப் பையில் போட்டார்.