வரவேற்பறை மேடு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோல்ஃப் மைதானங்களை வடிவமைப்பவரின் வரவேற்பறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு எழுந்தது. தரை ஓடு ஒன்றுகூட உடையவில்லை. விரிப்புக்கு அடியில் பூனை புகுந்துகொண்டது போல ஓடுகள் வளைந்துகொடுத்திருந்தன. சோபாவின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. கணக்கு டீச்சரான அவர் மனைவி, பள்ளிக்கு நேரமாகிவிட்டதால், மேட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அவர் மட்டும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி திருதிருவென விழித்தார். அந்த மேட்டை அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு முதலாளி கடலோரத்தில் வாங்கிய மணல்மேட்டு நிலத்தில் அதைப் பார்த்திருந்தார். அப்படி ஒரு நிலம் அவர் தொழிலில் யாருக்கும் வாய்த்ததில்லை. உடன் வந்திருந்த மனைவி விளையாட்டாக ஒரு பந்தைக் கீழே போட்டாள். அது மூன்று இடத்தில் வளைந்து, ஒரு மேட்டில் தானே ஏறி இறங்கி, கிண்ணம் போன்ற பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எங்கிருந்து போட்டாலும் அப்படித்தான். "இங்க நீங்க செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க. அது நிக்கிற இடத்துல குழி தோண்டிட்டு வந்துருங்க," என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றுமே செய்யாவிட்டால் வாசல் பலகையில் வடிவமைத்தவர் என்று தன் பெயரை எப்படி எழுதுவார்கள் என்ற கவலை அவருக்கு. ஏற்கெனவே பதினோரு ஊர்களில் போட்ட அதே வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்தார். புல்டோசர்கள் நாற்பத்து மூன்று நாட்கள் ஓடின; மேடுகள் பள்ளங்களுக்குள் போயின, நிலம் உள்ளங்கை போலத் தட்டையாயிற்று. திறப்பு விழாவில் பலகையில் பெயர் பளபளத்தது. ஆட வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள், போன மாதம் வேறு ஊரில் ஆடியதும் இதேதானே என்று கேட்டார்கள், மறுபடி வரவில்லை. முதலாளி மைதானத்தைப் பூட்டியது, வரவேற்பறையில் மேடு எழுந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை.

மேட்டைப் பார்க்க வந்த கொத்தனார் அதன் சரிவில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. நான்கு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டு, தரை மட்டமாகத்தான் இருக்கிறது, உடைக்க ஒன்றுமில்லை என்று சொல்லி, மேட்டின் மீது உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடைபாதை சரிந்தது, சமையலறை வாசலில் நீளப் புல் முளைத்தது, கட்டிலுக்கு அடியில் கிண்ணப் பள்ளம் விழுந்தது. இது தண்டனையா, பரிசா, இல்லை போக இடமில்லாமல் வந்து ஒண்டிக்கொண்டதா என்று அவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். தண்டனை என்றால் ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது? அழுகை வந்தது, எதற்கு என்றும் தெரியவில்லை.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து, மேட்டை எவ்வளவு செதுக்கிப் பள்ளத்தை எவ்வளவு நிரப்புவது என்று வரையத் தொடங்கினார். மனைவி பென்சிலைப் பிடுங்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"அங்க உங்க இஷ்டத்துக்கு விட்டேன். இதையும் சமமாக்கினீங்கன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

அவர் பென்சிலை வைத்துவிட்டு, வரவேற்பறை ஜன்னலோரம் நின்று ஒரு பந்தைக் கீழே போட்டார். அது மூன்று இடத்தில் வளைந்து, மேட்டில் தானே ஏறி இறங்கி, நடைபாதையைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் அவள் படுக்கும் பக்கமாகப் போய் நின்றது.

"குழி எங்க தோண்டட்டும்?" என்று கேட்டார்.

"அது நிக்குதில்ல, அங்கதான்."

ஒரு குழி தோண்டினார். வேறு எதையும் தொடவில்லை. அவர் செய்த மைதானங்களில் அது ஒன்றுதான் நன்றாக வந்தது. அந்த நிலம் ஏன் தன் வீட்டுக்கு வந்தது என்பது மட்டும் கடைசிவரை அவருக்குப் புரியவே இல்லை. அடுத்த வருடம் வாசலில் இன்னொரு பள்ளம் விழுந்தபோது, மனைவி செருப்பு அலமாரியை இரண்டடி தள்ளி வைத்தாள்.