ஒரு படிக்கு எத்தனை கிலோ

குறுவைக்குத் தண்ணீர் வராமல் போன தொண்ணூற்றைந்தாம் வருஷம், பாபநாசம் குணசேகரன் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். குத்தகை நிலத்தை விட்டால் அவனுக்குத் தெரிந்தது கல்யாணச் சமையல் ஒன்றுதான். கட்டட வேலை பார்க்கும் இருநூறு பேர் தங்கியிருந்த முகாமில் சமையல்காரனாகச் சேர்ந்தான்.

அங்கே ஸ்டோரில் எல்லாம் கிலோக் கணக்கு. நூறு பேருக்கு எத்தனை படி அரிசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எத்தனை கிலோ என்றால் விழிப்பான். படிக்கு ஒன்றரைக் கிலோ என்று எப்போதோ காதில் விழுந்ததை எல்லாச் சாமானுக்கும் வைத்துக்கொண்டு முதல் நாள் அடுப்பை மூட்டினான்.

உப்பில் மாட்டிக்கொண்டான். ஊரில் கல் உப்பு எவ்வளவு போடுவானோ, அதே அளவுக்குத் தூள் உப்பைக் குவளையில் அழுத்தி அள்ளி சாம்பாரில் கொட்டிவிட்டான். வாயில் வைக்க முடியவில்லை. மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தான்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த நாகூர்க்காரர் மீரா உசேன் எட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார்.

"பாதியை வேற அண்டாவுக்கு மாத்துங்க தம்பி. மைசூர்ப் பருப்பு தர்றேன், சீக்கிரம் வெந்துரும். உப்பில்லாம வேகவெச்சு ரெண்டுலயும் கலந்துவிடுங்க."

சாப்பாடு இருபது நிமிஷம் தாமதம். மேற்பார்வையாளர் வந்து கேட்டபோது, "சாமான் எடுத்துக் குடுக்க நான்தான் லேட் பண்ணிட்டேன்" என்றார் மீரா உசேன்.

சாயங்காலம் அவரே அவனை ஸ்டோருக்குக் கூப்பிட்டார். ஒரே குவளையில் அரிசியையும் மைதாவையும் மாறி மாறி நிரப்பித் தராசில் வைத்தார். மைதாவின் எடை அரிசியில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. கல் உப்புக்கு நடுவே சந்து இருக்கும், தூளில் அது கிடையாது என்றார். "ஆனா உங்க படி இங்க இல்லையே. வீட்டுல எடை போட்டு எழுதச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ஊரில் பக்கத்து வீட்டு போனுக்கு அடித்து, மனைவி வானதியிடம் விஷயத்தைச் சொன்னான். கடிதம் வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை தினமும் காலையில் மீரா உசேன் அடுப்படியில் வந்து நின்று, ஒவ்வொன்றையும் அவனோடு உத்தேசம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வானதி படியைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்கே போயிருந்தாள். "அரிசி தலைதட்டி ஒரு கிலோ நானூறு. கோபுரமா அளந்தா இன்னும் நூத்தைம்பது கூட வருது. நீங்க எப்பவும் கோபுரமாத்தான் அளப்பீங்க, அதனால அந்தக் கணக்கையே வெச்சுக்குங்க. ரவை ஒரு கிலோ நூறு. அரிசிமாவு ஒரு கிலோகூட இல்ல. ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். கடைக்காரர் சிரிச்சார், சிரிச்சுட்டுப் போறார்." இப்படிப் பதினாறு சாமான். பெருங்காயத்துக்குக்கூட ஸ்பூன் கணக்கு எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்பொங்கல் வைத்தான். மாயவரத்து ஆள் ஒருவர் மூன்றாம் முறை தட்டை நீட்டினார். அண்டா காலியானது.

மறுபடி போன் செய்தான். "வானதி, நீ மட்டும் அளந்து எழுதலைன்னா நான் இந்நேரம் ஊருல இருப்பேன்."

"அரிசி அளந்ததுக்கா இவ்வளவு பேச்சு? காசு ஓடுது, வைங்க" என்றாள். ஆனால் அவளும் வைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்தவன், வீட்டில் இரண்டு நாள்கூடத் தங்காமல் வானதியோடு நாகூருக்குப் பஸ் ஏறினான். மீரா உசேனும் அப்போது விடுமுறையில் இருந்தார். "இவதான் பாய், எடை போட்டவ" என்றான். அவர் உள்ளே திரும்பி, "இன்னும் ரெண்டு பேருக்குச் சோறு போடுங்க" என்று குரல் கொடுத்தார்.