இரண்டு, இரண்டு, இரண்டு, ஐந்து

வியாகுலம்மாளுக்குத் தன் மகளின் முகம் வேண்டியிருந்தது. கல்லறைத் திருநாளுக்குள் லிடியாவின் கல்லறையில் ஒரு பீங்கான் படம் பதித்துவிட வேண்டும். பதிப்பதற்குப் படம்தான் இல்லை.

லிடியா ஒரு லாரி டிரைவரோடு ஒட்டன்சத்திரத்துக்குப் போய்விட்ட வாரத்தில், அவள் அப்பா சூசை, பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ முதற்கொண்டு வீட்டில் இருந்த அத்தனை படங்களையும் கொல்லையில் போட்டு எரித்தார். மஞ்சள் காமாலையில் இறந்து அவள் பெட்டியில் திரும்பி வந்தபோது, பெட்டியைச் சுற்றி சொந்தக்காரர்கள் நின்று எடுத்துக்கொள்ளும் வழக்கமான போட்டோவையும் எடுக்கவிடவில்லை. கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போன டிரைவர் அந்தப் பக்கமே தங்கிவிட்டான்.

மிஞ்சியது ஒரு வீடியோ. வியாகுலம்மாளின் அக்கா மகள் அனிஷாவின் கல்யாணத்தில் வீடியோக்காரன் ராபின் எடுத்தது. அதில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், கையில் தண்ணீர் ஜக்கோடு, முதுகைக் காட்டிக்கொண்டு லிடியா கொஞ்ச நேரம் நிற்கிறாள். பச்சைத் தாவணி, இடுப்புக்குக் கீழே இறங்கிய சடை. வீடியோ லைட் பக்கத்தில் வந்தாலே திரும்பிக்கொள்ளும் பெண் என்று ராபினுக்கு நினைவிருந்தது. அடுத்த வாரமே அவள் வீட்டை விட்டுப் போனாள்.

அந்தக் கல்யாணத்தின் டேப்பில் எப்போதோ வேறு கல்யாணம் ஏறிவிட்டது. நாகல் நகரில் இருந்த ராபினின் மிக்ஸிங் அறையில், கம்ப்யூட்டருக்குள் இருந்த ஃபைல் மட்டும்தான் மீதி. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அங்கேயே ஓட்டிக் காட்டி, ஒரு சிடியில் போட்டு அவன் வியாகுலம்மாளிடம் கொடுத்தனுப்பினான். முதுகாவது இருக்கட்டும் என்று நினைத்தான்.

மறுநாள் அவள் வந்தாள்.

"தம்பி, நேத்து இங்க பாக்கயில முதுகுதான இருந்துச்சு? வீட்ல போட்டா காது தெரியுதே."

"உங்களுக்கு அப்படித் தோணுதும்மா."

"தோடு தெரியுதுப்பா. நான் வாங்கிக் குடுத்த தோடு."

ராபின் ஃபைலைத் திறந்தான். இடது காதும், அதில் ஒரு சிவப்புக்கல் தோடும் தெரிந்தன. அவளுக்குக் காட்டுவதற்காகவே இன்னொரு காப்பி எடுத்தான். அதில் கன்னத்தின் ஓரம் தெரிந்தது. பழைய காப்பிகளைத் திறந்தான். எல்லாவற்றிலும் இப்போது கன்னம் தெரிந்தது. அவள் கையோடு கொண்டுவந்திருந்த சிடியிலும் தெரிந்தது.

திறந்துகிடந்த கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த மெஷினை அசெம்பிள் செய்தவன் அவன் சிநேகிதன் முனீர். சாயங்காலம் வந்து மெஷினின் நினைவகமான ரேமைச் சோதித்தான். திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடின.

"ஏலே, பயாஸ்ல டைமிங்க எவன் மாத்துனது?"

"நான்தான். கல்யாண சீசன் மாப்ள. டிவிடி ஏத்த விடிய விடிய ஆகுது."

ரேமிடம் ஒன்றைக் கேட்டால், பதில் தயாராகும்வரை கம்ப்யூட்டர் சில துடிப்புகள் காத்திருக்க வேண்டும். எத்தனை என்பதை, மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் நான்கு எண்கள் சொல்லும். மூன்று, நான்கு, நான்கு, எட்டு என்றிருந்ததை ராபின் இரண்டு, இரண்டு, இரண்டு, ஐந்து என்று இறக்கியிருந்தான். ப்ராசஸரின் வேகத்தையும் ஏற்றி ஓட்டினான். மெஷின் பறந்தது. ஒரு மணப்பெண்ணின் நெற்றியில் ஒருமுறை பச்சைக் கட்டங்கள் வந்தபோதுகூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அது வாயத் தொறக்கிறதுக்குள்ள பதிலப் புடுங்குற. கெடச்சதக் குடுக்கும். உளறும்," என்றான் முனீர்.

"உளறுனா கட்டம் கட்டமாத்தான வரணும்? தலை எப்படி மாப்ள திரும்பும்?"

முனீர் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, "மொதல்ல டீ சொல்லு," என்றான்.

டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை அவன் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. கிளம்பும் முன் எண்களைப் பழையபடி மாற்றிவைத்தான். "ரேமுக்கு நான் பொறுப்பு. மத்ததுக்கு தர்ஹால மந்திரிச்சுத்தான் கட்டணும். தொடாத இனிமே."

மாற்றிய பிறகு எத்தனை காப்பி எடுத்தாலும் கன்னம் கன்னமாகவே நின்றது. வியாகுலம்மாள் வந்து பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இத வேணா பிரிண்ட் போட்டுத் தரட்டுமாம்மா?"

"காதயும் கன்னத்தையும் கல்லுல பதிச்சா யாருன்னு கேக்க மாட்டாகளா? பழயபடி வையி அப்பு. அவ திரும்பிட்டுத்தான இருந்தா? நீங்க ரெண்டு பேரும்தான் புடிச்சு நிறுத்திட்டீக."

அந்தக் கடைசிச் சொல் அவனை அன்று முழுக்க விடவில்லை. இரண்டு, இரண்டு, இரண்டு, ஐந்து என்று வைத்தான்.

அதன்பின் அவள் தினமும் மத்தியானத்தில் வந்தாள். தினம் ஒரு காப்பி. அதற்கு மேல் எடுத்தால் மெஷின் நின்றுவிடுமோ, ஃபைலே போய்விடுமோ என்று ராபினுக்குப் பயம். அது மட்டும்தான் பயம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். தாடையும் மூக்கின் நுனியும் வெளியே வந்தன. படம் கலங்கவில்லை. ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. திரும்பும்போது அவள் கையிலிருந்த ஜக்கில் தண்ணீர்கூட லேசாகச் சாய்ந்திருந்தது.

"போறதுக்கு மொத நா என்னமோ சொல்ல வந்தா," என்றாள் வியாகுலம்மாள் ஒருநாள், திரையைப் பார்த்தபடியே. "இவரு சொல்ல விடல. கேட்டாரு, அவ வாயத் தொறக்கயில அறஞ்சிட்டாரு."

அந்த அறையில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அவள் போன பிறகும் அவன் திரையை அணைக்காமல் உட்கார்ந்திருப்பான். வேறு கல்யாண ஆர்டர்களை வாங்குவதை நிறுத்தியிருந்தான்.

இமை முடிகள் தெரிந்த மறுநாள் அவள் தனியாக வரவில்லை. பின்னாலேயே சூசை வந்தார். சித்தையன்கோட்டைப் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மடித்த குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கி முழு முகமும் தெரியும்ல," என்றாள் வியாகுலம்மாள். அவள் தலைவாரிப் பூ வைத்திருந்தாள். "அவரும் பாக்கட்டும்னு கூட்டியாந்தேன்."

"டீ சொல்லட்டுமா ஐயா?"

சூசை திரையையே பார்த்தார். ராபின் நேற்றைய படத்தை ஓட்டினான். வாசல், தாவணி, சடை, கன்னம், கண்ணின் ஓரம். சூசையின் குடை தரையில் ஒருமுறை நழுவி மறுபடி நின்றது.

"வேணாம்," என்றார். "போதும். இத்தோட நிறுத்து."

"நீங்க சும்மா இருங்க. போடு தம்பி."

ராபின் காப்பி எடுத்தான். காப்பி ஏறுவதைக் காட்டும் பச்சைப் பட்டை நிறைந்தது. ஃபைலைத் திறந்தான்.

கூடம் இருந்தது. இலை போட்ட மேசைகள், ஓடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, எல்லாம் இருந்தன. வாசல் காலியாக இருந்தது. ஜக்கு மட்டும் நிலைப்படி ஓரமாகத் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

அவன் நேற்றைய ஃபைலைத் திறந்தான். அதற்கு முந்தைய நாளுடையதைத் திறந்தான். வியாகுலம்மாள் பையிலிருந்து சிடியை எடுத்து நீட்டினாள். எல்லாவற்றிலும் காலி வாசல்.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"உங்களப் பாத்துட்டா," என்றாள் வியாகுலம்மாள்.

"நான் என்ன பண்ணேன்?" சூசையின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "சும்மாதான உக்காந்திருந்தேன்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "செத்த நேரம் வெளிய போயி நில்லுங்க."

அவர் எழுந்தார். ஏதோ சொல்ல நினைப்பவர்போல நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ரோட்டைத் தாண்டி, எதிர்ச் சுவரோரம் போய், குடையை விரிக்காமல் வெயிலில் நின்றார். கடையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"மறுபடி போடுப்பா."

"அம்மா, காப்பி எடுக்க அதுல யாருமே இல்ல."

"போடு."

அவன் மவுஸை அழுத்தினான். பட்டை ஊர்ந்தது. வியாகுலம்மாள் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு, மூச்சு கண்ணாடியில் படும் அளவுக்குத் திரையருகே குனிந்தாள்.

"அப்பா வெளிய போயிட்டாருடி," என்றாள் மெதுவாக. "நான் மட்டுந்தான் இருக்கேன். வா."